பேனரில் போட்ட பதவி

ஒரு சமூகத்தின் வரலாற்றில் சில நாட்கள் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்படுகின்றன. புக்கிட் கெலாடி தோட்ட முன்னாள் மக்கள் நல்வாழ்வுச் சங்கத்தின் வரலாற்றில் அப்படிப்பட்ட நாட்கள் இதுவரை முப்பத்தொன்று. பொன் நிறம் வேண்டுமென்றால் தனிக் கட்டணம் என்று ஈப்போவில் பேனர் அடிக்கும் கடைக்காரர் சொல்லிவிட்டதால், முப்பத்தொன்றும் மஞ்சள் எழுத்தில்தான் பொறிக்கப்பட்டன.

புக்கிட் கெலாடி தோட்டம் என்று இப்போது எதுவும் கிடையாது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையை வெட்டி கோல்ஃப் திடல் போட்டார்கள். கோல்ஃப் ஆட ஆள் வராததால் லாலாங் புல் ஆளுயரம் வளர்ந்து, பதினெட்டுக் குழிகளும் மாடுகள் வசம் போய்விட்டன. லயத்து வீடுகளில் இருந்த சனங்கள் மெயின்ரோடு ஓரம் மலிவுவிலைக் குடியிருப்பான தாமானில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளுக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகிறது. இல்லாத தோட்டத்துக்கு இருக்கிற சங்கத்தில் பதினான்கு பொறுப்பாளர்கள்.

தலைவர் ஐயாவு. அரசாங்க மருத்துவமனையில் முப்பது வருஷம் ஸ்ட்ரெச்சர் தள்ளி ஓய்வு பெற்றவர். மேடையில் இது 'மருத்துவத் துறையில் முப்பதாண்டு' என்று அறிவிக்கப்படும். அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று, அவர் எழுதிய மகஜர்கள். மந்திரிகளுக்கும் இலாகாக்களுக்கும் அவர் அனுப்பிய மகஜர்களில் ஒன்றுகூட நிராகரிக்கப்பட்டதில்லை. பதில் வந்தால்தானே நிராகரிப்பதற்கு. இன்னொன்று, அவருடைய ஃபைல்கள்.

"ஆவணம் இல்லாம இந்தச் சங்கம் ஒரு எழுத்து அச்சடிக்காது" என்பார். அதற்காகவே ஒரு படிவம் வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளை யாராவது படிப்பிலோ வேலையிலோ எதையாவது எட்டிப் பிடித்தால், அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டும். பெயர், தகப்பனார் பெயர், தோட்டத்தில் எந்த லயம், நிறுவனம், பதவி. அதன் பிறகு பத்தடிக்கு நாலடி பேனர், தாமான் நுழைவாயிலில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பொன்னாடை, சாப்பிட மீகூன் கோரேங். செக்யூரிட்டி கார்டுகளுக்கு மேற்பார்வையாளராக இருந்த சீனி அப்படித்தான் 'பாதுகாப்பு ஆணையர்' ஆனான். பல் கிளினிக்கில் நம்பர் கூப்பிடும் சாந்தினி 'பல் மருத்துவத் துறை நிபுணர்' ஆனாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு பிள்ளை இருந்தது. எல்லாப் பிள்ளைக்கும் ஒரு பேனர் காத்திருந்தது.

முப்பத்தொன்றாவது பேனர் கலாதேவியுடையது.

கலாதேவிக்கு முப்பத்தாறு வயது. சிலிபின் பக்கம் ஒரு டயர் மொத்த வியாபாரக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கிராணி. பில் போடுவது, சரக்குச் சீட்டு எழுதுவது, லோரிக்காரர்கள் கத்தினால் பதிலுக்குக் கத்துவது, மத்தியானம் முதலாளி தௌக்கேக்கு கோப்பி ஓ வாங்கி வருவது, எல்லாம் அவள்தான். தௌக்கே யாரையும் புகழ்கிறவர் இல்லை. ஆனால் அவளுடைய ஒரு பழக்கத்தை மட்டும் புது ஆட்களிடம் காட்டுவார். எழுதியதில் தப்பு வந்தால் கலாதேவி வெள்ளை மை பூச மாட்டாள், கிறுக்க மாட்டாள். ரூலரை வைத்து ஒரே கோடாக அடிப்பாள், சரியானதை மேலே எழுதுவாள், கோட்டின் ஓரத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போடுவாள். யார் திருத்தியது என்று நாளைக்குக் கேள்வி வரக்கூடாது பாருங்கள்.

பிப்ரவரி மாதம், அட்டைப்பெட்டி தயாரிக்கும் ஒரு பெரிய கம்பெனியில் மனிதவளப் பிரிவுக்கு ஆள் கேட்டார்கள். இரண்டு நேர்முகத் தேர்வு. 'உதவி நிர்வாகி' என்று வேலை நியமனக் கடிதம் வந்தது. ஏர்கோன் ஓப்பிஸ், கழுத்தில் தொங்கும் அட்டை, சனி ஞாயிறு லீவு. கலாதேவி நான்கு பக்கத்தையும் இரண்டு தடவை படித்து, நான்கு பக்கத்திலும் கையெழுத்திட்டு, கெடுவுக்கு மூன்று நாள் முன்பே திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று முத்திரையும் வாங்கி வந்தாள். மே மாதம் முதல் திங்கள் சேர வேண்டும்.

தௌக்கேயிடம் ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தாள். அவர் கடிதத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், "சரி" என்றார். மறுநாளே தன் அக்கா மகளைக் கூட்டிவந்து கலாதேவிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். ஏப்ரல் பாதியில் நோட்டீஸ் முடிந்ததும் அக்கா மகள் கலாதேவியின் நாற்காலிக்கு மாறிவிட்டாள். அதற்குச் சக்கரம் உண்டு.

சங்கத்துப் படிவம் அந்த மாதத்தில்தான் வந்தது. ஒரு மத்தியான இடைவேளையில், டயர் வாடைக்கு நடுவே, கலாதேவி அதை நிரப்பினாள். பேனா ஒரே ஒரு இடத்தில் கொஞ்ச நேரம் நின்றது. வாசலில் ஒரு லோரிக்காரர், "தங்காச்சி, கோப்பி கிடைக்குமா லா?" என்று கேட்டார். பேனா மறுபடியும் நகர்ந்தது.

*

விழா ஏப்ரல் மூன்றாவது ஞாயிறு. பேனரில் கலாதேவியின் முகம் அவள் முகத்தைவிட இரண்டு மடங்கு வெள்ளையாக இருந்தது. பக்கத்தில், இணையத்தில் எடுத்த கம்பெனிச் சின்னம். கீழே மஞ்சள் எழுத்தில், தமிழில் ஒரு வரி, மலாயில் ஒரு வரி:

'மனிதவள இயக்குநராகப் பொறுப்பேற்கும் எங்கள் தோட்டத்துத் திருமகள்!'

ஐயாவு நாற்பது நிமிஷம் பேசினார். பாலெடுக்க ரப்பர் மரம் வெட்டிய கைகள் இன்று பன்னாட்டு நிறுவனத்தின் மனிதவளத்தையே இயக்கப் போகின்றன என்றார். கலாதேவி ஒரு மரம்கூட வெட்டியதில்லை. தோட்டத்தை விட்டு வரும்போது அவளுக்குப் பதினோரு வயது. இருந்தாலும் கை தட்டினார்கள். பொன்னாடை போர்த்தியபோது அவள் நிமிர்ந்து நின்றாள். ஒன்பது வருஷத்தில் யாரும் அவளைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசியதில்லை. சங்கச் செயலாளர் படம் பிடித்து, கம்பெனியின் பெயரையும் இணைத்து ஃபேஸ்புக்கில் போட்டார். நூற்றுப் பன்னிரண்டு லைக்.

புதன்கிழமை மின்னஞ்சல் வந்தது. இரண்டே வரி. உள் மறுசீரமைப்பு காரணமாக, தங்களுக்கு வழங்கப்பட்ட நியமனம் மீட்டுக்கொள்ளப்படுகிறது. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்.

கலாதேவி அதை மலாயில் படித்தாள், பிறகு மனசுக்குள் தமிழில் படித்தாள். இரண்டிலும் அதே அர்த்தம்தான்.

கணவன் ஜெயபாலன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து, கைப்பேசியை வாங்கிப் பார்த்தான்.

"கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கின பிறகு எப்படிலா முடியாதுன்னு சொல்வானுங்க?"

"மறுசீரமைப்பாம்."

"ஞாயித்துக்கிழமை பேனர், புதன்கிழமை மறுசீரமைப்பா?" அவன் அவளைப் பார்த்தான். "கலா, அந்த இயக்குநர்னு போட்டது ஏதும் அவனுங்க கண்ணுல பட்டிருக்குமோ?"

"அதுக்கு நான் என்னாங்க பண்றது? சங்கத்துல போட்டாங்க."

"இந்தக் கிழவனைக் கொண்டுபோய்..." என்று ஆரம்பித்தவன், அடுத்த ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டதால் எழுந்து போனான்.

மறுநாள் அவள் டயர் கடைக்குப் போனாள். தௌக்கே முழுக்கக் கேட்டுவிட்டு, நாற்காலியைக் காட்டினார். அக்கா மகள் பில் போட்டுக்கொண்டிருந்தாள். தப்பு வந்த இடத்தில் வெள்ளை மை பூசினாள். தௌக்கே அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

*

செய்தி கேட்டு ஐயாவு அன்று மாலையே வந்தார். துக்க வீட்டுக்கு வருகிறவர்போல் செருப்பை மெதுவாகக் கழற்றினார்.

"இது உன் ஒருத்திக்கு நடந்த அநீதி இல்லை மா. இது புக்கிட் கெலாடிக்கு நடந்த அநீதி. மகஜர் போட்டுடுவோம்."

"வக்கீலைப் பார்க்கலாம்னு இவரு சொல்றாரு, தலைவரே."

"வக்கீல் எங்க போயிடப் போறான்? முதல்ல மகஜர். மந்திரிக்கு ஒன்னு, மாநில மந்திரி பெசாருக்கு ஒன்னு, நகல் ஒன்பது பேருக்கு. கைல குடுத்து போட்டோ எடுக்கணும், அதான் முக்கியம். போட்டோ இல்லாத மகஜர் தபால் மாதிரி ஆயிடும்."

"அந்தப் பேனரையாவது கழட்டிடலாமே, தலைவரே."

ஐயாவு உண்மையிலேயே புண்பட்டார். "அடுத்த பேனர் வர்ற வரைக்கும் இருக்கணும்கிறது சங்கத்து முடிவு. 2009லயே கூட்டத்து நிமிட்ல எழுதியாச்சு. கழட்டினா என்ன அர்த்தம்? நாம தோத்துட்டோம்னு அர்த்தம்."

மகஜருக்குச் செயற்குழு கூட வேண்டும். முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வேண்டிய இடத்தில் ஐந்து பேர் வந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் பொருளாளருக்கும் உதவிப் பொருளாளருக்கும் பழைய சண்டை ஒன்று புதிதாக மூண்டது. மூன்றாவது கூட்டத்தில் 'வன்மையாகக் கண்டிக்கிறோம்' என்பதா, 'வருத்தத்துடன் கண்டிக்கிறோம்' என்பதா என்று ஒன்றரை மணி நேரம் போனது. 'வன்மையான வருத்தத்துடன்' என்று முடிவானபோது முப்பத்தெட்டு நாள் கழிந்திருந்தது. மகஜர் வாங்கிக்கொள்ளத் தேதி கேட்டு மூன்று இடத்துக்கு எழுதினார்கள். தேதி வரவில்லை.

இதற்கிடையில் பேனர் வெயிலில் காய்ந்தது, மழையில் நனைந்தது. ஒரு மூலைக் கயிறு அறுந்து, படத்தில் கலாதேவியின் தலை கால்வாசி மடங்கித் தொங்கியது. அவள் அதற்குக் கீழேதான் பசாருக்குப் போக வேண்டும், வர வேண்டும்.

"வாங்க வாங்க, இயக்குநரம்மா!" மீன் கடை தௌஃபிக் தூரத்திலேயே ஆரம்பித்துவிடுவார். "இன்னிக்கு என்னா, லீவா?"

"ஆமாண்ணே."

"எப்பவும் லீவா இருக்கு லா உங்களுக்கு. பெரிய வேலைன்னா அப்படித்தான். என்னா போடட்டும், சென்னாங்கின்? இயக்குநரு சாப்பிடற மீனு."

"கெம்போங் அரைக் கிலோ போதும்."

"எளிமை, எளிமை!" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் மெச்சிக்கொண்டே கெம்போங் மீனை நிறுத்தார். அவருக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் மீனைக் குறைத்துப் போட்டு இரக்கத்தைக் கூட்டிப் போட்டிருப்பார்.

*

நாற்பத்தொன்றாவது நாள் ஜெயபாலன் சங்கத்திடம் கேட்காமல் அவளை வேனில் ஏற்றிக்கொண்டு ஈப்போவுக்குப் போனான். மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் வழக்கறிஞர் விக்னேஸ்வரனின் ஓப்பிஸ். நாற்பது வயது இருக்கும். எண்ணெய்க் காகிதத்தில் பீசாங் கோரேங் வைத்துச் சாப்பிட்டபடியே அவள் கொடுத்த தாள்களைப் படித்தார். எண்ணெய் படாமல் படித்தார் என்பதால் கலாதேவிக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

"பேப்பர் எல்லாம் சுத்தமா வச்சிருக்கீங்க, அக்கா. இந்த முத்திரை தங்கம். அவுங்க வேலை குடுத்தாங்க, நீங்க ஏத்துக்கிட்டீங்க. ஒப்பந்தம் ஆயிடுச்சு. வேலைக்குச் சேரலைங்கிறதால ஒப்பந்தம் இல்லைன்னு ஆயிடாது."

"அப்ப கேஸ் போடலாமா, சார்?" என்றான் ஜெயபாலன்.

"போடலாம். ஒப்பந்தத்தை மீறினாங்கன்னு சிவில் கோர்ட்டுல போடலாம். ஆனா இங்க பாருங்க, மூணாம் பக்கம். தகுதிகாண் காலத்துல ரெண்டு வார நோட்டீஸ் குடுத்து நிறுத்தலாம்னு இருக்கு. அதனால கோர்ட்டு பெரும்பாலும் என்னா சொல்லும்? சட்டப்படி நிறுத்தியிருந்தா இவுங்களுக்கு ரெண்டு வாரச் சம்பளம்தானே கிடைச்சிருக்கும், அதையே குடுன்னு சொல்லும். அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும். என் ஃபீஸ் அதைவிடக் கூட." கடைசி வாக்கியத்தை அவர் வெட்கப்படாமல் சொன்னார்.

"பழைய வேலையை விட்டுட்டு வந்தேனே, சார். இவுங்களை நம்பித்தானே."

"அதைக் கேக்கலாம். கடிதம் குடுக்கும்போதே வேலை குடுக்க மாட்டோம்னு தெரிஞ்சே குடுத்தாங்கன்னு காட்டினா பலமா நிக்கும். காட்டறது கஷ்டம்." காகிதத்தை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "எனக்குப் பிடிச்சது வேற வழி. தொழில் உறவு இலாகாவுல, காரணம் இல்லாம வேலை நீக்கிட்டாங்கன்னு புகார் குடுங்க. காசு கேக்கறது இல்ல, வேலையே திரும்பக் குடுன்னு கேக்கறது. சேராத ஆளைத் தொழிலாளின்னு சொல்லலாமாங்கிறதுல ரெண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கு. ஆனா முதல்ல சமரசத்துக்குக் கூப்பிடுவாங்க. பல கேஸ் அந்த மேசைலயே முடிஞ்சிடும். ஒன்னே ஒன்னு. நீக்கின நாள்லேருந்து அறுபது நாளுக்குள்ள போகணும். அறுபத்தொன்னாவது நாள் போனா கதவு சாத்தியிருக்கும்."

"மகஜர் குடுக்கப் போறோம்னு சொன்னா?"

"யாருக்கு?"

"பதினோரு பேருக்கு."

விக்னேஸ்வரன் மேசைக் காலண்டரைப் பார்த்தார். "அந்தப் பதினோரு பேர்ல காலண்டர் ஒருத்தர் இல்லையே, அக்கா."

பிறகு கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அதே கம்பெனி, அதே பதவி, மறுபடியும் விளம்பரம். மறுசீரமைப்பு நடந்து இரண்டு வாரத்தில் போட்டது.

"இது நமக்கு நல்லது. பொய்க் காரணம் சொல்லியிருக்காங்க. ஆனா நிஜக் காரணம் என்னான்னு எனக்குத் தெரியணும். அங்க போய் நான் உக்கார முடியாது, அந்தச் சமரச மேசைல வக்கீலுக்கு இடமில்லை. நீங்கதான் பேசணும். அவுங்களுக்குப் பிடிக்காத மாதிரி ஏதாவது நடந்துச்சா?"

ஜெயபாலன் பேனர் கதையைச் சொன்னான். விக்னேஸ்வரன் சிரிக்கவில்லை. ஈப்போவில் தமிழ் வழக்கறிஞராக இருப்பவருக்கு பேனர் கதைகள் புதிதல்ல.

"அந்தப் பதவியை யாரு போட்டா?"

"சங்கம்" என்றாள் கலாதேவி.

"நீங்க சொல்லலையே?"

"இல்லை, சார்."

"அப்ப சரி. அதை அவுங்க எடுத்தா, சங்கத்துக்காரங்க ஆர்வக் கோளாறுல போட்டுட்டாங்க, எனக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரே வரியில சொல்லிடுங்க. முடிஞ்சிடும்."

கீழே இறங்கி வரும்போது படிக்கட்டில் கலாதேவிக்குக் கால் ஒரு முறை தவறியது. ஜெயபாலன் பிடித்துக்கொண்டான்.

*

நாற்பத்தைந்தாவது நாள் புகாரைக் கொடுத்தாள். இன்னும் ஒரு மாதம் கழித்து அழைப்பு வந்தது. ஒன்பது வருஷ வேலையை விட்டவளுக்கு அந்த ஒரு காகிதம்தான் மிச்சம். குளிர்பெட்டி மேல் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் தேதியைப் பார்ப்பாள்.

சமரசப் பேச்சு நாளன்று காலை ஏழரைக்கு ஐயாவு வாசலில் நின்றார். கோட்டு போட்டிருந்தார். கையில் இரண்டு தடிமனான ஃபைல்.

"விசாரிச்சேன் மா. வக்கீல்தான் வரக்கூடாதாம். வக்கீல் இல்லாத ஒருத்தர், நீ எழுத்துல அதிகாரம் குடுத்து, அதிகாரியும் சம்மதிச்சா, உன் சார்பா உக்காரலாமாம்." கடிதத்தை ஏற்கெனவே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். அவள் கையெழுத்து மட்டும் பாக்கி.

"வேணாங்க தலைவரே, நானே..."

"அந்தப் பக்கம் கோட்டு சூட்டு போட்டு ரெண்டு மூணு பேர் வருவாங்க. நீ தனியா உக்காந்தா என்னா நினைப்பாங்க, நாதியத்தவன்னு நினைக்க மாட்டாங்க?"

ஜெயபாலனுக்குப் பள்ளிக்கூட ட்ரிப். மலாயில் அதிகாரியிடம் தனியாகப் பேச வேண்டியதை நினைத்து, வக்கீல் சொன்ன வரியை அவள் விடிகாலையிலிருந்து சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்திட்டாள். பஸ்ஸில் போகும்போது, மடியில் இருந்த ஃபைல்களைப் பார்த்தபடி கேட்டாள்.

"எதுக்கு தலைவரே இவ்வளவு?"

"எல்லாம் இருக்கணும் மா. உன் விழா ஃபைல், சங்கத்துப் பதிவுப் பத்திரம், மகஜர் நகல். சட்டம் எங்க பார்த்தாலும் ஆவணத்தைத்தான் கேக்கும்."

"விழா ஃபைல் தேவைப்படாதுன்னு நினைக்கிறேன்."

"நினைக்கக் கூடாது" என்றார் ஐயாவு. "வச்சிருக்கணும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள் மழைக்குள் பாதி மறைந்து நின்றன. சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தாள். ஐயாவு தன் கோட்டுப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவையும் மூடிக்கொண்டாள்.

*

இலாகாவின் சமரச அறை சின்னது. அதிகாரி ஒரு மலாய்ப் பெண்மணி, அமைதியானவர். ஐயாவுவின் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு, உட்காரச் சொன்னார். ஐயாவு உட்கார்ந்த விதத்தைப் பார்த்தால், எழுபது வருஷமாக அந்த நாற்காலி அவருக்காகத்தான் காத்திருந்தது என்று தோன்றும்.

கம்பெனி தரப்பில் கோட்டு சூட்டு யாரும் வரவில்லை. ஒரே ஒரு பெண் வந்திருந்தார். சீனர், ஐம்பது வயது, கசங்கிய சட்டை, கையில் தண்ணீர் போத்தல். அவர்தான் அந்தக் கம்பெனியின் மனிதவள இயக்குநர். நிஜமானவர்.

பேச்சு மலாயில் நடந்தது. அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். மறுசீரமைப்பு என்றால், அதே வேலைக்கு ஏன் மறுபடி விளம்பரம்?

இயக்குநர் தண்ணீர் குடித்தார். "அந்தக் காரணத்தை எழுதியது தவறு. ஒப்புக்கொள்கிறேன்" என்றார். பிறகு பையிலிருந்து ஒரு வண்ணப்பட நகலை எடுத்து மேசையில் வைத்தார். மஞ்சள் எழுத்து, இரண்டு மடங்கு வெள்ளை முகம். "இதை எங்கள் தலைமையகத்தில் பார்த்தார்கள். என் வேலையை யாருக்கோ கொடுத்துவிட்டதாக என் தாயாரே எனக்கு ஃபோன் செய்தார். தன் பதவியைப் பொய்யாகச் சொல்லிக்கொள்கிற ஒருவரிடம் ஊழியர்களின் ரகசிய ஃபைல்களை எப்படிக் கொடுப்பது? அதுதான் காரணம்."

அதிகாரி கலாதேவியைப் பார்த்தார். விக்னேஸ்வரன் சொல்லிக்கொடுத்த வரியை அவள் அப்படியே சொன்னாள். சங்கத்தார் ஆர்வத்தில் போட்டுவிட்டார்கள். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இயக்குநர் அவள் முகத்தைப் பார்த்தார். கெட்டவர் இல்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. "அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை" என்றார் மெதுவாக. "வந்தவர்களில் இவர்தான் சிறந்தவர். இது வேறு யாரோ செய்த தவறு என்றால், எனக்கு ஆட்சேபணை இல்லை. வரும் திங்கட்கிழமையே சேரலாம்."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "நல்லது. சங்கத் தலைவரும் இங்கேயே இருக்கிறார். ஐயா, இந்தத் தவறு உங்கள் சங்கத்துடையதுதானே? ஆம் என்று நீங்கள் சொன்னால், எழுதிக்கொண்டு முடித்துவிடலாம்."

கலாதேவி ஐயாவுவின் பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை. ஆம். மலாயில் இன்னும் சின்னது.

ஐயாவுவின் முகம் சிவந்தது. தவறு. அவருடைய சங்கம். அரசாங்க அதிகாரியின் முன்னால், எழுத்தில்.

"தலைவரே" என்றாள் கலாதேவி தமிழில், தாழ்ந்த குரலில். "ஆமான்னு சொல்லிடுங்க. கும்பிட்டுக் கேக்கறேன்."

"நீ சும்மா இரு மா. உனக்காகத்தான் பேசறேன். சங்கத்து மேல பழி வந்தா உன் கேஸே நிக்காது." பிறகு மலாய்க்கு மாறினார். "புவான், முப்பத்தொரு விழா நடத்தியிருக்கிறோம். ஆவணம் இல்லாமல் எங்கள் சங்கம் ஒரு எழுத்துகூட அச்சடித்தது கிடையாது."

இரண்டாவது ஃபைலைத் திறந்தார். எச்சில் தொட்டுத் தாள்களைத் தள்ளினார். படிவத்தை எடுத்து மேசை நடுவில், பேனர் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

படிவம் தமிழில் இருந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. இயக்குநருக்கும் தெரியாது. அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வாய் திறக்கவில்லை. இன்னொருவர், மருத்துவமனையில் முப்பது வருஷம் பேசிப் பழகிய நல்ல மலாயில், ஒவ்வொரு வரியாக விரலை வைத்து மொழிபெயர்த்தார். பெயர். தகப்பனார் பெயர். நாலாவது லயம். நிறுவனம். பதவி: மனிதவள இயக்குநர்.

"அதற்குக் கீழே அடித்திருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

"அது உதவி நிர்வாகி" என்றார் ஐயாவு. எதையும் மறைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

இயக்குநர் தண்ணீர்ப் போத்தலை மூடிப் பைக்குள் வைத்தார்.

"அதை நான் மாத்தலை" என்றாள் கலாதேவி. வாயில் வந்தது தமிழ். மறுபடியும் மலாயில் சொன்னாள். "நான் உதவி நிர்வாகி என்றுதான் எழுதிக் கொடுத்தேன். பிறகு யாரோ மாற்றியிருக்கிறார்கள்."

அதிகாரி படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார். அவள் கையெழுத்திட்டுக் கொடுத்த புகார்ப் படிவத்தையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

'உதவி நிர்வாகி' ரூலர் வைத்து ஒரே கோடாக அடிக்கப்பட்டிருந்தது. கோட்டின் ஓரத்தில் கலாதேவியின் சுருக்கொப்பம் இருந்தது.